பருப்பு வேகாத தண்ணீரும் காப்பிப்பூ சவர்க்காரமும்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"ஸ்வீட்டா?"

"சவர்க்காரம்."

அவருக்கு விளங்கவில்லை. "சோப்பு. முகம் வழிக்கிற சோப்பு," என்றேன்.

"நல்லா இருக்கே. ஸ்ரீலங்காவுல செய்யறதா?"

"இல்லை. உங்கட நாட்டுச் சாமான்தான். ஏற்காடு."

இந்தியச் சோப்பை யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்குச் சுமந்து வந்திருக்கும் ஆளை அவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நின்ற மனைவி வத்சலாவைப் பரிதாபத்தோடு பார்த்தார். அவள் தலையை அசைத்து அந்தப் பரிதாபத்தை ஏற்றுக்கொண்டாள்.

நான் உரும்பிராய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பிள்ளைகள் வைத்த பெயர் 'மீசை சேர்'. மீசைக்குக் கீழேயும் பக்கங்களிலும் இருப்பதைத் தினமும் வழிப்பதுதான் என் பொழுதுபோக்கு. சிரிக்க வேண்டாம். பழைய மாதிரி ரேஸர், பிரஷ், கிண்ணம், வாசனைச் சவர்க்காரம் என்று இதில் கிறுக்குப் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு 'நுரைக் கூட்டம்' என்று பெயர். சென்னை, கோலாலம்பூர், டொராண்டோ, மட்டக்களப்பு என்று எல்லா இடத்திலும் தமிழ் பேசும் தாடைகள். தினமும் காலையில் அன்றைய சவர்க்காரத்தையும் ரேஸரையும் படம் எடுத்துப் போடுவோம். முகத்தை மட்டும் போடக்கூடாது, அது விதி. வாசனைக்குப் பத்து, நுரைக்குப் பத்து என்று மதிப்பெண் உண்டு. அவ்வப்போது விளையாட்டாகப் போட்டி வைப்போம். ஒரு கிழமை, ஏழு நாளும், இடக்கையால் மட்டும் சவரம். இன்னொரு கிழமை சமையலறை வாசனை மட்டும்: இஞ்சி, ஏலக்காய், எலுமிச்சை.

இந்தக் கிழமைப் போட்டிக்குப் பெயர் 'மறுவிசாரணை'. நீ ஆகக் குறைந்த மதிப்பெண் கொடுத்த சவர்க்காரத்தையே மூன்று நாள் தொடர்ந்து போட வேண்டும்.

நான் ஆகக் குறைவாகக் கொடுத்தது அந்தத் தகர டப்பாவுக்குத்தான். போன வருடம் 'ஜே, ஏற்காடு' என்ற பெயரில் ஒருவர் குழுவில் சேர்ந்து, தான் செய்த காப்பிப்பூ சவர்க்காரத்தை எட்டுப் பேருக்கு அனுப்பினார். நான்தான் முதலில் எழுதினேன். "வாசனை ஒன்பது. நுரை இரண்டு. இதைக் குழைப்பதற்குப் பதில் மோரைப் பூசிக்கொள்ளலாம்." எல்லோரும் சிரித்தார்கள். சென்னைக்காரர் மூன்று பேர் என்னை ஆமோதித்தார்கள். இரண்டு நாளில் ஜே குழுவை விட்டுப் போய்விட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பாவை வத்சலா தன் சேலை அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள். போட்டிக்காகக் கேட்டபோது, திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தாள்.

வத்சலாவின் தமக்கை மகளுக்குக் கல்யாணம். கூறைச் சேலையும் மற்றச் சேலைகளும் எடுக்க சேலம் பக்கம் இளம்பிள்ளைக்கு வந்தோம். அக்காவும் தங்கையும் தறிக்காரர் வீடுகளில் உட்கார்ந்தால் மூன்று நாள் எழும்ப மாட்டார்கள். என்னை வைத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "மலைக்குப் போட்டு வாங்கோ," என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏற்காடு பஸ்ஸில் முன்னிருக்கைப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவு. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆக உயர்ந்த ஏற்றம் பள்ளிக்கூட மாடிப்படி. ஏழாவது வளைவில் நானும் கண்ணை மூடினேன். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே பழத்தைப் பின்னால் நீட்டினாள். "மோந்துக்கிட்டு குடுங்ண்ணா." மோந்துவிட்டுக் கொடுத்தேன். பதினைந்தாவது வளைவில் மறுபடி கடன் வாங்கினேன்.

மேலே இறங்கியபோது குளிர் காதைக் கடித்தது. பத்து நாள் முன்பு நல்ல மழை பெய்ததாம். ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி தின்றேன். பஜ்ஜிக்குள் இருந்த மிளகாய் எங்கள் ஊர் மிளகாய் அளவுக்கு உறைக்கவில்லை என்று கடைக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் சட்னியை ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினார். அதன்பிறகு இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த நாள் காலை லாட்ஜில் வாளித் தண்ணீரை எடுத்து, பிரஷை நனைத்து, டப்பாவில் வழக்கம் போல முப்பது சுற்றுச் சுற்றினேன். ஊரில் முப்பது சுற்றினால் அடியில் கொஞ்சம் வெள்ளை தெரியும். இங்கே பத்தாவது சுற்றிலேயே நுரை டப்பாவுக்கு வெளியே வந்தது. கிண்ணத்தில் போட்டுக் குழைத்தேன். கிண்ணம் நிரம்பியது. முகத்தில் பூசினேன், இன்னும் மிச்சம் இருந்தது. ரேஸர் வழுக்கிக்கொண்டு போனது. கழுவிய தொட்டியில் ஒரு கிழமைக்குக் காணும் நுரை கிடந்தது. அறை முழுக்கக் காப்பிப்பூ வாசனை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தால் அல்ல.

இருபத்திரண்டு வருடமாக நான் வன்னீர், மென்னீர் பாடம் எடுக்கிறேன். இரண்டு சோதனைக் குழாய். ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரக் கரைசல். குலுக்கு. மழைத் தண்ணீரில் நுரை எழும்பும். கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைப் படிவு மட்டும் மிதக்கும். "ஏன் பிள்ளைகள்?" என்று கேட்பேன். "சுண்ணாம்புக்கல் நிலம் சேர்," என்று கத்துவார்கள். எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் சுரண்டினால் ஒரு சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரில் குழைத்துவிட்டுத்தான் ஏற்காட்டுச் சவர்க்காரத்துக்கு இரண்டு கொடுத்திருக்கிறேன். மற்றக் கம்பெனிச் சவர்க்காரங்களில் வன்னீருக்கு மருந்து கலந்திருப்பார்கள், அதனால் இவ்வளவு நாள் எனக்கு உறைக்கவில்லை. மோர் என்று எழுதிய வரியை நினைத்தபோது காது சூடானது.

டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். மூன்றாவது கடையில் மிளகு, காப்பித்தூள், தைல எண்ணெய், சாக்லேட் எல்லாம் விற்றுக்கொண்டிருந்தவர் டப்பாவைப் பார்த்ததும் எடையை நிறுத்தினார். நெஞ்சுவரை அழகாகச் சீவிய தாடி. பெயர் சாதிக். எங்கள் ஊர் முஸ்லிம் கடைக்காரர் என்றால் 'நானா' என்று கூப்பிட்டிருப்பேன். இங்கே எல்லோரும் 'பாய்' என்றார்கள், நானும் பாய் என்றேன்.

"இதைச் செய்யிற ஆளைப் பாக்கோணும் பாய். நீங்களோ?"

"ஏனுங்க, நீங்க பேசறது செய்தி வாசிக்கற மாதிரியே இருக்குதுங்க. எந்தூருங்க?"

"யாழ்ப்பாணம்."

அவர் முகம் மாறியது. கடையின் பின்பக்கம் திரும்பி, கொஞ்சம் மெதுவாக, "ஜமீலா, அந்த மோர்க்காரரு வந்திருக்காருங்க," என்றார்.

ஜே என்பது ஜமீலா. நாற்பது வயதுக்குள் இருக்கும். சாக்லேட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, சோதனைக் குழாய், லாட்ஜ் வாளி. "பிழை என்னில. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான். எனக்கு இது தெரிஞ்சிருக்கோணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கேட்டுக்கொண்டார். கோபம் தெரியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உள்ள வாங்க சார். டீ குடிங்க. இல்லாட்டி அதுக்கும் ரெண்டு போட்டுருவீங்க."

கடைக்குப் பின்னால்தான் வீடு. தேத்தண்ணி குடிக்கும்போது கதை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கணவரின் தாடையில்தான் ஜமீலா தான் செய்த சோப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களிடம், "சமைக்கறவங்க எல்லாம் தானே தின்னு பாத்துத்தான் போடறாங்களா, அடுத்தவங்களுக்குப் போட்டும் பாக்கறதில்லீங்களா," என்று சொல்வாராம். பிறகு சாதிக் ஹஜ்ஜுக்குப் போனார். திரும்பி வந்து தாடி வைத்துக்கொண்டார்.

"அதை எடுங்கன்னு சொல்ல முடியுங்களா? நல்ல காரியம். ஆனா எனக்குத் தாடை இல்லாமப் போச்சுங்க," என்றார் ஜமீலா.

"மஞ்சக்குட்டையில ராமசாமி அண்ணன் தாடை இருக்குதுல்ல," என்றார் சாதிக்.

"அவரு எது குடுத்தாலும் நல்லா இருக்குதும்பாரு."

சுவரில் ஒரு அலமாரித் தட்டு காலியாக இருந்தது. சோப்பு வைத்த தட்டு. இப்போது சாக்லேட் வைக்கப் போகிறார்களாம். காப்பிச்செடி பூப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை, பங்குனி மழைக்குப் பிறகு. பூ இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அந்த நாளில் பறித்துத் தேங்காய் எண்ணெயில் ஊற வைத்தால்தான் அந்த வருடத்துக்குச் சோப்பு உண்டு. பூ நேற்றுக் காலை விரிந்துவிட்டது.

"பறிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இந்த வருசம் வேண்டாமுன்னு உட்டுட்டங்க."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். எதனால் விட்டார் என்று கேட்கத் தேவை இல்லை.

சாதிக் பாய்தான் என்னைக் காப்பாற்றினார். மிளகு எடுக்க மஞ்சக்குட்டைக்குப் போக வேண்டும், வாங்க, பூவையாவது பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஜமீலாவும் வந்தார், மிளகைப் பார்த்து எடுக்க அவருக்கு நம்பிக்கை தன் மேல்தான். பகிர்ந்துபோகும் ஜீப். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாலு பேரும் இரண்டு கோழியும். என் மடியில் யாருடையதோ ஒரு சைக்கிள் டயர். இறங்கும்போது அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப் போன பிறகுதான் சொந்தக்காரர் பின்னால் ஓடி வந்தார்.

ராமசாமிக்கு அறுபது வயது இருக்கும். காப்பி, மிளகு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் ராகி. அவர் தோட்டத்தில் கிளை கிளையாக வெள்ளை பிடித்திருந்தது. மல்லிகைக்கும் நாரத்தம்பூவுக்கும் நடுவில் ஒரு வாசனை. என் டப்பாவில் இருந்த அதே வாசனை, இங்கே காற்றிலேயே நின்றது. தேனீக்கள் இரைச்சல். நான் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

பூவைப் பறித்தால் காய் போய்விடுமே என்று கேட்டேன். ஓரத்து வரிசையைக் காட்டினார். தண்டுக்குள் புழு விழுந்த செடிகள். எப்படியும் பிடுங்க வேண்டியவை. அவற்றின் பூவைத்தான் ஜமீலாவுக்குக் கொடுப்பாராம்.

"அம்மணி, நாளன்னைக்கு ஆளு வருதுங்க, வேரோட புடுங்கிருவாங்க. பூவும் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். பறிச்சுக்கலாமில்லீங்க?"

"பாக்கலாமுங்ண்ணா."

"நான் என்னத்தப் போட்டு மூஞ்சி வழிக்கறதுங்க அடுத்த வருசம்? எம்பட சம்சாரம் இப்பத்தான் பக்கத்துல வந்து ஒக்காந்து பேசுது."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "பேசறது இவரு, கேக்கறது நானு," என்றார். ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். களியை மெல்லக்கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று சாதிக் சொல்லித் தந்தார். நான் மென்றேன். பனங்கிழங்கு மாவில் அவிக்கும் எங்கள் ஒடியல் பிட்டைத் தின்றே பழகிய பல்லுக்கு அதுதான் தெரியும்.

திரும்பி வரும்போது ஜமீலா ஜீப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கூர்த் தண்ணில அது எப்படித்தான் இருந்துச்சுங்க?"

சொன்னேன். திரி திரியாக, சாம்பல் வெள்ளையில், முகத்தில் நிற்காமல்.

"நான் அதப் பாக்கணும்."

"தண்ணீர் அனுப்பலாம். ஆனா கடல் கடந்து வர..."

"அத்தன தூரம் எதுக்குங்க? கீழ அடிவாரத்துல வெள்ளக்கல் குழிங்க இருக்குதில்ல. அந்தப் பக்கம் போர் தண்ணில பருப்பே வேகாதும்பாங்க."

மலையில் மூன்றாம் நாள் காலை சவரம் செய்து போட்டிக்கான அன்றைய படத்தை அனுப்பிவிட்டு, பத்து லிட்டர் கேனோடு முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு டீக்கடை அம்மாவிடம் பருப்பு வேகாத தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். தலை சுற்றுகிறதா என்று விசாரித்தார். விளங்கப்படுத்தியதும், "அது வேணுங்கற அளவுக்கு இருக்குதுங்க," என்று போர் குழாயைக் காட்டினார்.

மேலே போகும் பஸ்ஸில் கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார்.

"என்னதுங்க இது, டீசலா?"

"தண்ணி."

"எந்தத் தண்ணிங்க?"

"இங்க, அடிவாரத்துத் தண்ணி."

"எல்லாரும் மேல இருந்து கேன் கேனாக் கீழ கொண்டு போறாங்க. நீங்க கீழ இருந்து மேல கொண்டு போறீங்களா?" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

பதினொன்றாவது வளைவில் கேன் சரிந்தது. மூடி சரியாகப் பூட்டவில்லை. தண்ணீர் பஸ்ஸின் நீளத்துக்கு ஓடியது. ஒரு வெங்காய மூட்டை, ஒருவரின் புதுச் செருப்பு, ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகைக்காரர், "தண்ணிதானுங்களே, காஞ்சுரும்," என்றார். காய்ந்தால் வெள்ளையாகப் படியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கேனில் மூன்று லிட்டர் மிஞ்சியது.

ஜமீலா முற்றத்தில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். நான் என் பிரஷை எடுக்கப் போய் நிறுத்திவிட்டேன். அது பன்றி மயிரில் செய்தது. என் போன்றவர்கள் பெருமையாக வைத்திருக்கும் ஒன்றுதான், ஆனால் இந்த வீட்டுக் கிண்ணத்தில் அதை எப்படி வைப்பது? சத்தம் போடாமல் பையை மூடி, "பிரஷை மறந்துபோட்டன்," என்றேன். சாதிக் பாய் அலமாரியிலிருந்து தன் பழைய நைலான் பிரஷைக் கொண்டுவந்தார். ஹஜ்ஜுக்கு முந்தையது. துணியில் சுற்றி வைத்திருந்தார்.

போர் தண்ணீரில் குழைத்து என் கன்னத்தில் பூசினேன். அதேதான். திரி திரியாக. ஜமீலா கிட்ட வந்து பார்த்தார். நான் ரேஸரை இழுத்தேன், அது கரகரவென்று போனது.

"மோர்தாங்க," என்றார் ஜமீலா.

"தண்ணீர்ப் பிழை. உங்கட சவர்க்காரத்தில பிழையில்லை."

"அப்படிச் சொல்லி என்னங்க ஆவுது? வாங்கறவங்க ஊரு ஊருக்குத் தண்ணிய மாத்த முடியுங்களா? தப்பு சோப்புலயே இருக்கட்டும். சோப்பத்தான் மாத்த முடியும்."

அவர் குரலில் நேற்று இல்லாத ஒன்று இருந்தது. ஒரு வருடமாகத் தன் கையில் என்ன பிழை என்று தெரியாமல் இருந்திருக்கிறார். இப்போது பிழை எது என்று கண்ணால் பார்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

அதன்பிறகு நான் உபயோகப்பட்டேன், கொஞ்சமாவது. எலுமிச்சை உப்பும் சமையல் சோடாவும் தண்ணீரில் கலந்து பொங்கி அடங்கவிட்டால் வருவது, வன்னீரின் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையில் இரண்டும் இருந்தன. வீட்டில் மிச்சமிருந்த பழைய சோப்பைத் துருவி, வெந்நீருக்கு மேல் வைத்து உருக்கி, அதை விட்டுக் கிளறினார் ஜமீலா. முதல் தடவை அதிகமாகிவிட்டது. பூசியதும் கன்னம் எரிந்தது. காலையில் ஒன்று, போர் தண்ணீரில் ஒன்று, இப்போது ஒன்று என்று அன்றைக்கு மூன்றாவது சவரம். முகம் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாவது தடவை பாதி அளவு. போர் தண்ணீரிலேயே குழைத்தேன். மலைத் தண்ணீரில் வந்த அளவுக்கு எழும்பவில்லை. ஆனால் நின்றது. பிரஷைத் தூக்கினால் நுனி வளையாமல் நின்றது. ஜமீலா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். நுரை விழவில்லை.

"நல்லா நிக்குது. வழிக்குதான்னு பாக்கணுமே," என்றார். என் முகத்தைப் பார்த்தார். வழிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சாதிக் பாயைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். "ராமசாமி அண்ணனக் கேக்கலாம். ஆனா அவரும் காலையிலயே வழிச்சிருப்பாரு, எது குடுத்தாலும் நல்லா இருக்குதும்பாரு. நாளைக்குன்னா பூ வாடிரும்." பெருமூச்சு விட்டார். "வழிச்சுப் பாக்காம நான் பறிக்க மாட்டேனுங்க. இன்னொரு வருசம் மோருன்னு கேக்க என்னால ஆவாது."

மணி ஒன்று. ராமசாமி இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

என் முகத்தில் வழிக்க மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இருபத்தெட்டு வருட மீசை. நான் வத்சலாவைப் பெண் பார்க்கப் போனபோதே இருந்தது. அடுத்த கிழமை கல்யாணத்தில் நான் பெண்ணின் சித்தப்பாவாகப் படத்தில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகள் என்னை என்ன பெயரால் கூப்பிடுவார்கள் என்றும் யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"கத்தரிக்கோல் இருக்கோ?"

இருவருக்கும் விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "வேண்டாமுங்க சார்," என்றார் ஜமீலா. "மீசைங்க அது," என்றார் சாதிக். நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். சாதிக் பாய் உள்ளே போய், தன் தாடியை ஒழுங்கு செய்யும் சின்னக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, துடைத்து, இரண்டு கையாலும் தந்தார்.

கத்தரித்தேன். பூசினேன். புதுப் பிளேடு மாட்டினேன். மூக்குக்குக் கீழே ரேஸர் இறங்கியது, எங்கேயும் தட்டவில்லை. மூன்று இழுவை. கழுவினேன். கண்ணாடியில் என் அப்பாவின் தம்பி நின்றார்.

சாதிக் பாய் விரலால் தடவிப் பார்த்தார். "ஜமீலா, கண்ணாடி மாதிரி இருக்குதுங்க."

ஜமீலா கிண்ணத்தையும் என் மேலுதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு துணிப்பைகளை எடுத்துவந்தார். "ஜீப்புக்குச் சொல்லுங்க. கடைய மூடுங்க. வெயிலு எறங்கறதுக்குள்ள பூவ எடுத்துரணும்." வாசலில் திரும்பி, "சார், அந்த ரெண்டு மார்க்க அழிச்சிராதீங்க. அது அங்கயே இருக்கட்டும்," என்றார்.

அவர்கள் மஞ்சக்குட்டைப் பக்கம் போனார்கள். நான் பஸ் ஏறினேன். இருபது வளைவும் வளைந்து இறங்கினேன், ஒரு தடவை கூடத் தலை சுற்றவில்லை. மேலுதட்டில் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தது.

சேலம் பஸ் நிலையத்தில் வத்சலா என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டேன். திரும்பினாள். சேலைப் பொதியைத் தமக்கையிடம் கொடுத்துவிட்டுக் கிட்ட வந்து பார்த்தாள்.

"என்னப்பா இது? ஆர் செத்தது?"

கதை முழுவதையும் சொன்னேன். பஸ் நிலையத்து இருக்கையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். "அந்தப் பிள்ளை பூப் பறிக்கப் போட்டுதோ?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டார் என்றேன். டப்பாவை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை நுரைக் கூட்டத்தில் முதல் தடவையாக விதியை மீறி என் முகத்தைப் படம் எடுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "போன வருடம் நான் கொடுத்த இரண்டு மதிப்பெண் சவர்க்காரத்துக்கு அல்ல, என் வீட்டுக் கிணற்றுக்கு. எழுதியது நான். பாடம் எடுப்பவனும் நான்." முதலில் டொராண்டோக்காரர், இது யார் புது ஆள் என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் குழுவில் 'ஜே, ஏற்காடு' மறுபடி இணைந்தார் என்று வந்தது. முதலில் ஒரு படம்: அகலப் பாத்திரத்தில் எண்ணெய், மேலே நெருக்கமாகக் காப்பிப்பூ. பிறகு ஒரு குறிப்பு.

"பூ எட்டு. போர் தண்ணி நுரை ஏழு. மீசையில்லாத முகம் இரண்டு. மூணு மாசம் கழிச்சு மறுவிசாரணை."

போனை வத்சலாவிடம் காட்டினேன். தோசையைப் பிய்த்தபடி வாசித்தாள். என் முகத்தை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"ரண்டு கூடிப்போச்சு," என்றாள்.